கார்த்திகைக்கு எத்தனை ஐ.எஸ்.ஓ.

கலியாண மண்டபத்துக்குள் 800 போதும். பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில், பந்தலுக்குக் கீழே, பொழுதும் சாய்ந்துவிட்டதென்றால் 1600. திருவிழாவில் சாமி வெளிவீதி வரும்போது 3200க்கு ஏற்றிவிடுவேன். சாமியின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்க எனக்கு மனம் வராது. தீவட்டி வெளிச்சத்திலேயே எடுத்துவிடுவேன். கமராவில் ஐ.எஸ்.ஓ. என்று ஒரு எண் இருக்கிறது. இருட்டென்றால் அதைக் கூட்ட வேண்டும், வெளிச்சமென்றால் குறைக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் படம் எடுத்துப் பிழைக்க அது போதுமாயிருந்தது.

போதாது என்று தெரிந்தது, என் மகளின் நட்சத்திரத்தை எடுக்கப் போனபோதுதான்.

மகள் குடாவுக்கு அக்கரையில், எங்கள் ஊரான சம்பூரில் பிறந்தாள். கார்த்திகை நட்சத்திரம். சண்டை வந்து ஊரோடு எழும்பி ஓடினபோது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதாகவில்லை. முகாமில் காய்ச்சல் வந்தது. மாசி மாதத் தேய்பிறையில் போய்விட்டாள். அவளுடைய படங்கள் எல்லாம் வீட்டு அலுமாரிக்குள் இருந்தன. வருசங்கள் கழித்து அரசாங்கம் பிடித்து வைத்திருந்த எங்கள் காணியைத் திருப்பிக் கொடுத்தபோது அலுமாரியும் இல்லை, அலுமாரி நின்ற வீடும் இல்லை. கிணற்றை வைத்துத்தான் எங்கள் வளவு எது என்று அடையாளம் பிடித்தோம்.

அதற்குப் பிறகுதான் நான் படம் எடுக்கும் தொழிலுக்கு வந்தேன். எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டுச் சாமி அறையில் என் பிள்ளையின் படம் இல்லை.

ஒருமுறை படம் வரைகிற ஒருவரிடம் போனோம். யாருடைய சாயல் என்று சொல்லுங்கள், வரைந்து தருகிறேன் என்றார். மூக்கு தாயுடையது என்றேன் நான். இல்லை, தகப்பனுடையது என்றாள் மனைவி. கண், வாய், தலைமயிர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். இருவருக்கும் முகம் மறந்து போயிற்று என்பது அன்றைக்கு இருவருக்கும் தெரிந்துவிட்டது.

ஒரு விடயத்தில் மட்டும் எங்களுக்குள் வேறுபாடு வந்ததில்லை. பின்னேரம் விளக்கு வைத்த கையோடு மனைவி திருநீறு பூச வந்தால் மகள் ஓடிவிடுவாள். குசினிக்குள் ஓடுவாள், கிணற்றடிக்கு ஓடுவாள். பிடித்துப் பூசினாலும் புறங்கையால் துடைத்துவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பின் சத்தம் நினைவிருக்கிறது. சிரித்த முகம் நினைவில் இல்லை.

மிஞ்சியது பெயரும் நட்சத்திரமும்தான். மகள் போன பிறகும் கொஞ்சக் காலம் வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்கு ஐயர் கேட்டால், மனைவி எங்கள் இருவரோடும் சேர்த்து அவளுடைய பெயரையும் கார்த்திகை என்பதையும் சொல்லுவாள். ஐயருக்கு விசயம் தெரியும். தெரிந்தும் சொல்லி அர்ச்சித்தார். பிறகு ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, இருக்கிறவர்களுக்குத்தான் அர்ச்சனை என்றார். சின்னப் பிள்ளைக்குத் திவசமும் இல்லை என்றார். அவர் சொன்னது முறைதான். ஆனாலும் மாசியில் அந்தத் திதி வரும்போது வெறும் சுவருக்கு முன்னால் ஒரு விளக்கும் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலும் வைப்போம்.

மனைவிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அது கண்ணில் பிடித்தது. கண்ணுக்குள் இரத்தம் கசிகிறது என்று லேசர் அடித்தார்கள். டொக்டர் நல்ல மனிசன், மறைக்காமல் சொன்னார்.

"இருக்கிற பார்வையைக் கொஞ்ச நாளைக்குப் பிடிச்சு வைக்கலாம் அம்மா. போனதைக் கொண்டு வர ஏலாது."

மழை ஓய்ந்து வானம் வெளித்திருந்த ஒரு பின்னேரம். விளக்கு வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, கார்த்திகை எது? காட்டுங்கோ பாப்பம்."

"அந்தா, உச்சியிலயிருந்து கொஞ்சம் சரிவா. சின்னக் கொத்து மாதிரி. என்ர விரலைப் பாரும்."

"உங்கட விரலே தெரியேல்லை. இதுக்குள்ள வானமோ!"

சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"முருகனை வளத்த ஆறு பேரும் அங்கதானே. என்ர பிள்ளையையும் அவையள்தான் வைச்சிருக்கினம் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறன். கண் முழுக்கப் போறதுக்கு முதல் ஒருக்கா அந்த இடத்தைப் பாக்கோணும். படமா எடுத்துத் தாங்கோ. ஊரில உள்ள பொம்பிளையளை எல்லாம் வடிவாக்கி எடுக்கிறியள், என்ர பிள்ளையின்ர இடத்தை எடுக்க மாட்டியளோ?"

அடுத்த நாளே மொட்டைமாடிக்கு ஏறினேன். நட்சத்திரம் என்றால் இருட்டு, இருட்டென்றால் கூட்டு. நேரே 6400. பின்பக்கக் கண்ணாடியில் வந்தது வானமே இல்லை. வெறும் தேத்தண்ணி நிறம். துறைமுக விளக்குகளின் வெளிச்சம் முழுவதும் வானத்தில் ஏறி நின்றது. 3200க்கு இறக்கினால் கொஞ்சம் சாயம் குறைந்த தேத்தண்ணி. கார்த்திகை நிற்க வேண்டிய இடத்தில் மணல் கொட்டினது போல நிறப் புள்ளிகள். அதில் எது நட்சத்திரம், எது கமராவின் குப்பை என்று பிரிக்க முடியவில்லை.

மூதூரில் ஸ்ரூடியோ வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் அண்ணரோடு, நானா என்றுதான் கூப்பிடுவேன், எனக்கு நீண்ட காலப் பழக்கம். ஒரே நாளில் இரண்டு கலியாணம் வந்தால் எனக்கு ஒன்றைத் தள்ளிவிடுவார். வானத்தைப் படமெடுக்கிற பைத்தியமும் அவருக்கு உண்டு. ரெலிபோன் எடுத்தேன்.

"எத்தினையில வெச்சீங்க தம்பி?"

"ஆறாயிரத்து நானூறு."

"அல்லாவே! நட்சத்திரம் தேடுறீங்களா, வானத்துக்கு நெருப்பு வெக்கிறீங்களா?"

"இருட்டுத்தானே நானா. கூட்டினாத்தானே வெளிச்சம் வரும்."

"எங்க வரும்? உங்கட கோயில் ஸ்பீக்கரை நினைச்சுப் பாருங்க. ஐயர் மெல்லமா மந்திரம் சொல்றார். நீங்க சத்தத்தைக் கூட்டுறீங்க. மந்திரமும் கேக்கும், இரைச்சலும் கேக்கும், பக்கத்தில நிண்டு கறி விலை கதைக்கிற பொம்பிளைகளும் கேக்கும். அதால ஐயர்ட தொண்டை பெருத்திடுமா?"

"இல்லை."

"ஐ.எஸ்.ஓ.வும் அதுதான். வந்த வெளிச்சத்தை உரத்துச் சொல்லும். வராததைக் கொண்டு வராது. வெளிச்சம் வேணுமெண்டா ஐயரைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வெக்கணும். ஒரே படத்தை நிறைய எடுத்து ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கணும். இரைச்சல் ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு மாதிரி, அது தேஞ்சு போகும். நட்சத்திரம் எல்லாத்திலயும் ஒரே மாதிரி, அது நிக்கும்."

அப்படியானால் எத்தனையில் வைப்பது என்று கேட்டேன். அது கமராவுக்குக் கமரா வேறு, உங்கள் கமராவிடமே கேளுங்கள் என்றார். கேட்கிற முறையையும் சொல்லித் தந்தார். லென்ஸின் மூடியைக் கழற்றாமல், இருட்டறைக்குள் வைத்து, ஒவ்வொரு எண்ணிலும் ஒவ்வொரு படம் எடுக்க வேண்டும். ஒன்றுமே இல்லாத படம். கொம்பியூட்டரில் போட்டு எல்லாவற்றையும் ஒரே அளவு வெளிச்சத்துக்கு ஏற்றிப் பார்த்தேன். 400இல் எடுத்ததில் பாய் விரித்தது போலக் கோடு கோடாக விழுந்தது. 800இல் கோடு குறைந்தது. 1600இல் கோடு இல்லை, மணல் மட்டும். 3200, 6400 என்று போனால் மணல் அதற்கு மேல் குறையவில்லை. ஆனால் அந்த எண்களில் பிரகாசமான நட்சத்திரங்கள் நிறம் வெளுத்து வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும் என்று நானா சொல்லியிருந்தார். கார்த்திகை நீல நிறம். நீலம் போகக்கூடாது. அதனால் 1600 என்று முடிவு செய்தேன். எவ்வளவோ காலம் கையில் வைத்திருந்த கமராவை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

இடத்துக்கு யோசிக்கத் தேவை இருக்கவில்லை. இருட்டு வேண்டும், எங்களுக்குச் சம்பூரில் இருட்டு இருந்தது.

மாசித் திதிக்குச் சில நாட்கள் முந்தி, நிலவு பிந்தி எழும்புகிற காலம் பார்த்துப் புறப்பட்டோம். மனைவி தானும் வருவேன் என்று நின்றாள். அவளுடைய தம்பியின் ஓட்டோவில் குடாவைச் சுற்றிக்கொண்டு போனோம்.

"அத்தான், நட்சத்திரம் பாக்க ஓட்டோ பிடிச்ச ஆள் இலங்கையிலேயே நீங்கள்தான்."

"வாயை வைச்சுக்கொண்டு ஓட்டடா" என்றாள் மனைவி.

"அக்கா, இப்பவே சொல்லிப்போட்டன். யானை வந்தா நான் ஓட்டோவை எடுத்துக்கொண்டு ஓடிடுவன். நீயும் அத்தானும் முருகனைக் கூப்பிடுங்கோ."

மூதூரில் இறங்கி நானாவின் நல்ல லென்ஸை வாங்கினேன்.

"கீறல் விழுந்தா உங்கட மச்சானை வித்துத்தான் காசு எடுப்பன்" என்றார்.

"அவனை ஆர் வாங்கிறது?" என்றாள் மனைவி பின் இருக்கையிலிருந்து. அன்றைக்கு அவள் நல்ல சந்தோசமாயிருந்தாள். அதனாலேயே எல்லாம் நினைவில் நிற்கிறது.

வளவில் எங்கள் கிணறும் அதைச் சுற்றிப் பற்றையும்தான். மேற்கே சிவப்பு அடங்கும்வரை காத்திருந்தோம். கிணற்றுக்கட்டில் துணி விரித்து, கமராவிலிருந்து என் லென்ஸைக் கழற்றி, வாய் மேலே பார்த்தபடி வைத்துவிட்டு, நானாவின் லென்ஸை எடுக்கப் பைக்குள் குனிந்தேன். ஒவ்வொரு வருசமும் சரஸ்வதி பூசைக்கு என் கமராவைச் சாமிக்கு முன்னால் வைத்து மனைவிதான் திருநீறு பூசுவாள். அன்றைக்கும் மடியில் திருநீற்றுப் பையோடு வந்திருந்தாள். நான் நிமிர்ந்தபோது அவள் ஒரு கையால் கமராவைத் தடவிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் "முருகா" என்று பூசிக்கொண்டிருந்தாள். திறந்திருந்த வாயை அவள் காணவில்லை.

உள்ளே விழுந்ததை என்னால் முடிந்தவரை ஊதித் தட்டினேன்.

"என்ன ஊதுறியள்?"

"தூசு."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு திருநீறு என்று சொல்ல ஏலாது.

கார்த்திகை சட்டத்துக்குள் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பதற்காக முதலில் 6400இல் ஒன்று எடுத்தேன். இது எறிகிற படம். இடம் பிடிப்பதற்கு மட்டும். பிறகு 1600க்கு இறக்கி, சில விநாடிகள் மட்டும் திறக்கும்படி வைத்தேன். அதற்கு மேல் திறந்தால் வானம் நகர்ந்து நட்சத்திரம் கோடாகிவிடும். கமராவின் பின்னால் வெளிச்சத்தை மேடு போலக் காட்டுகிற வரைபடம் ஒன்று இருக்கிறது. மொட்டைமாடியில் அந்த மேடு வலது பக்கச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. இங்கே இடது சுவரை விட்டுக் கொஞ்சம் விலகி, அமைதியாக நின்றது. நானா சொன்ன இடம் அதுதான்.

கமராவின் திரை விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் மனைவி "முருகா" என்றாள். மச்சான் கொஞ்ச நேரம் பகிடி விட்டான். பிறகு கிணற்றுக்கட்டில் போய்க் குந்திவிட்டான். அவன் எங்கள் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு திரிந்த வளவு அது.

திரும்பி வந்த அந்தக் கிழமையே மனைவியின் வலது கண்ணுக்குள் இரத்தம் உடைந்தது. காலையில் எழும்பி, "கண்ணுக்குள்ள கறுப்பு நூல் ஓடுது" என்றாள். மத்தியானம் நூல் திரையாகிவிட்டது. டொக்டர் இடது கண்ணைப் பார்த்துவிட்டு, இதுவும் பலமில்லை என்றார்.

நான் மூதூருக்கு ஓடினேன். நானா எல்லாப் படங்களையும் கொம்பியூட்டருக்குக் கொடுத்து அடுக்கினார். மெல்ல மெல்லக் கறுப்பு அடங்கியது. ஆறும் நீலமாக எழும்பின. அவற்றைச் சுற்றி, பால் ஆவி போல நீலத் தூசு. கண்ணால் ஒரு நாளும் காணாதது. எனக்குக் கண் கலங்கியது. நானா கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு பார்த்தார். பிறகு திரையில் விரலை வைத்தார்.

"இதென்ன தம்பி, பக்கத்தில மங்கலா ஒரு கறுப்பு வட்டம்? கமராவுக்குள்ள தூசு போல."

"திருநீறு நானா."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். தூரிகை போல ஒன்றை எடுத்து அந்த வட்டத்தைப் பூசி மறைத்தார். படத்தை அச்சடித்துப் பிறேம் போட்டு, மூதூரில் எல்லாருக்கும் காட்டவேண்டிய படம் என்று சொல்லித் தந்தார்.

மனைவி பிறேமை வாங்கி யன்னலடிக்குப் போனாள். முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள், தள்ளிப் பிடித்தாள், வெளிச்சத்துக்குச் சரித்தாள்.

"நல்ல வடிவாயிருக்கு" என்றாள். "நீலமா, என்ன?"

நீலம் என்று நான் முந்தியே சொல்லியிருந்தேன். பிறேமைச் சுவரில் மாட்டுகிற கொழுவி கீழே தொங்கிக்கொண்டிருந்தது. படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஓம், நீலம்" என்றேன்.

அன்று பின்னேரம் சாமி அறையில் வெகுநேரம் இருந்தேன். சரியான எண் 1600 என்று கண்டுபிடித்தேனே, அந்த நீலம் அவளுக்கு என்ன? அவளுடைய கண்ணுக்கு அது கறுப்புக் கடதாசி. மெல்லிய வெளிச்சமெல்லாம் கண் இருக்கிறவர்களுக்கு.

மறுநாள் காலை திரும்பவும் மூதூர். எறிந்த படத்தைத் தேடச் சொன்னேன். 6400இல் எடுத்த அந்த ஒற்றைப் படம்.

"இதையா? இது குப்பை தம்பி. பொட்டுப் பொட்டா, மணலா..."

"இன்னும் வெளிச்சத்தை ஏத்துங்கோ நானா. வெள்ளை முட்டை முட்டையா வரட்டும். ஏலுமான அளவு பெரிசா அடியுங்கோ."

"வானம் சாம்பலாப் போகுமே."

"போகட்டும். அவளுக்குத் தெரியோணும்."

அவர் வெளிச்சத்தை ஏற்றினார். நட்சத்திரங்கள் நிறம் செத்து, ஊதி, வெள்ளைக் கட்டிகளாயின. கறுப்பு வட்டமும் முந்தியதைவிடத் தெளிவாக மேலே வந்தது. மறைக்கட்டுமா என்று கையால் கேட்டார். வேண்டாம், நேரம் போகிறது என்றேன். உண்மையில் வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. அந்த இடது கண்ணைத்தான் யோசித்தேன்.

வீட்டில் படத்தை யன்னல் வெளிச்சத்தில் கதிரையில் சாத்தி வைத்து, மனைவியைக் கொண்டுவந்து முன்னால் இருத்தினேன். தலையை அங்கும் இங்கும் திருப்பினாள். பார்வை மிஞ்சியிருந்த மூலையால் தேடினாள். கையை நீட்டினாள்.

"இது ஒண்டு" என்றாள். விரல் சரியான இடத்தில் நின்றது. "இது ரெண்டு..." ஒவ்வொன்றாகத் தொட்டாள். "ஆறு பேரும் நிக்கினம்."

"இவையளுக்குப் பக்கத்தில இதென்ன, இருட்டா வட்டமா?"

"அண்டைக்குக் கிணத்தடியில நீர் கமராவுக்குத் திருநீறு பூசினீர். லென்ஸ் கழட்டியிருந்தது. உள்ளுக்கை போயிட்டுது."

"பழுதாக்கிப்போட்டனோ?"

"இல்லை. பழுதில்லை."

வெகுநேரம் அந்த வட்டத்திலேயே விரலை வைத்திருந்தாள்.

"பூச விடமாட்டாளெல்லோ" என்றாள். "ஓடிப்போய்க் கிணத்தடியில நிப்பாள். இப்ப பிடிபட்டிட்டாள்."

பிறகு அழுதாள். முகாமில் அழாத அழுகை. நான் தடுக்கவில்லை.

அந்த மாசித் திதிக்கு வெறும் சுவருக்குப் பதில் அந்தப் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்தோம். மாலை போட்டோம். வந்த மச்சான், நல்ல படம் இருக்க ஏன் அத்தான் இதை மாட்டினீங்கள் என்று கேட்டான். அக்காவிடம் கேள் என்றேன். கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் இடது கண்ணும் போய்விட்டது.

தொழிலுக்குக் கமரா வேண்டும். கடற்கரையில் எடுத்த மணமக்களின் படங்களில் வானத்தில் ஒரு கறை நிற்கிறது என்று சொன்னார்கள். கொண்டுபோய்க் கொடுத்துச் சுத்தம் செய்வித்தேன். இப்போது அதற்குள் ஒன்றும் இல்லை.

நீலப் படம் அலுமாரிக்குள் இருக்கிறது. சாமி அறையில் மற்றது, மனைவியின் கை எட்டுகிற உயரத்தில். பின்னேரம் விளக்கு வைத்துவிட்டு, சுவரைத் தடவிப் போய், பிறேமின் கண்ணாடியில் மூன்று விரலால் திருநீறு பூசுவாள். நாளும் பூசிப் பூசி உள்ளே என்ன இருக்கிறது என்று இப்போது எனக்கும் தெரிவதில்லை. துடைக்கவா என்று நான் கேட்டதில்லை.